கை நடுங்குவதற்கு முன்

நம் குடும்பங்களில் மரணத்துக்கான ஆயத்தங்கள் குறைவென்று சொல்வதற்கில்லை. காசியிலிருந்து வந்த கங்கைச் செம்பைப் பூஜை அலமாரியில் பத்திரப்படுத்தி, ஈமச் செலவுக்கென ஒரு தொகையைத் தபாலாபீஸ் புத்தகத்தில் ஒதுக்கி, எந்தப் புடவையை உடுத்தித் தம்மை அனுப்ப வேண்டும் என்பதுவரை மருமகளிடம் சொல்லிவைத்திருக்கும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். தமக்குப்பின் வீடு யாருக்கு, நிலம் யாருக்கு என்று தீர்மானித்துப் பத்திரம் எழுதி முடித்த பெரியவர்களும் ஏராளம். எனினும், திடமாக நடமாடும் காலத்துக்கும் மரணத்துக்கும் இடையே, உயிர் இருந்தும் கையெழுத்திடும் சக்தி இல்லாமல், கண் திறந்திருந்தும் எதிரே நிற்பவர் மகனா மருத்துவரா என்ற பேதம் தெரியாமல், மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ நீடிக்கக்கூடிய ஓர் இடைக்காலம் உண்டென்பதையும், அதற்கென்று தனியே ஏற்பாடுகள் வேண்டும் என்பதையும் சிந்தித்தவர்கள் மிகச் சிலரே. பக்கவாதம் வந்தால் பத்து நாளில் முடிந்துவிடும் என்று எண்ணிப் பழகிய தலைமுறையின் வழக்கங்களை வைத்துக்கொண்டு, பக்கவாதத்துக்குப் பிறகும் பத்து வருஷம் வாழக்கூடிய தலைமுறை காலந்தள்ள முயல்கிறது என்பதே இதற்குக் காரணம்.

உயில் இந்த இடைக்காலத்தில் எவ்விதப் பிரயோஜனமும் தராது. எழுதியவர் கண்மூடிய பிறகே அது பேசத் தொடங்கும். ஆகவே உயிலைப் பற்றி இவ்வத்தியாயத்தில் அதிகம் பேசப் போவதில்லை. அதற்கு முந்திய காலத்தில் உங்கள் பணத்தை யார் எடுப்பது, உங்கள் உடம்பை யார் பேணுவது, உங்களுக்காக மருத்துவரிடம் யார் பேசுவது ஆகிய விஷயங்களையே இங்கே பரிசீலிப்போம்.

பவர் பத்திரம் கைவிடும் இடம்

'பிள்ளைக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனிக் கவலையில்லை' என்ற திருப்தியோடு இருக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கவலையாகவே இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் மட்டுமின்றி, அவர் சித்த சுவாதீனத்தை இழந்தாலும் அந்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் தந்தைக்காக மகன் வாடகை வசூலிக்கவும், நடக்க முடியாத தாய்க்காகப் பதிவு அலுவலகம் போய்வரவும் பவர் பத்திரம் உத்தமமான கருவி. மறதிநோய் முற்றிய தாய்க்கோ நினைவின்றிக் கிடக்கும் தந்தைக்கோ அது உதவ வேண்டிய அந்தக் கட்டத்தில்தான் சட்டப்படி அதன் உயிர் போகிறது. தம் புத்தி தடுமாறிய பிறகும் செல்லுபடியாகும் வகையில் அதிகாரப் பத்திரம் எழுதிக்கொள்ளச் சில அயல்நாடுகளில் வசதி உண்டு; நம் நாட்டுச் சட்டத்தில் அவ்வசதி இன்னும் ஏற்படவில்லை.

அப்படியானால் நினைவிழந்தவரின் சொத்தைக்கொண்டு அவருக்கே வைத்தியம் பார்ப்பது எப்படி? உயர்நீதிமன்றத்தை ரிட் மனு மூலம் அணுகித் தம்மைப் பாதுகாவலராக நியமிக்கக் கோருவதே குடும்பத்தாருக்கு எஞ்சும் வழி. 2024-இல், கோமா நிலையில் இருந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதி வேண்டி வந்த ஒரு பெண்மணியின் வழக்கில், முதலில் தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி சொல்லிவிட, மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அவரைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதி வழங்கியது. தீர்ப்பு நல்ல தீர்ப்பே. ஆயினும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் கோர்ட்டுக்கும் இடையே அலையும் நிர்ப்பந்தம் ஒரு மனைவிக்கு நேராமல் இருக்கச் செய்வது, முன்கூட்டியே அரைமணி நேரம் வங்கியில் செலவழித்தால் பெருமளவுக்குச் சாத்தியம்.

சேமிப்புக் கணக்கைத் தனிப்பெயரில் வைத்திருப்பவர்கள், நம்பத் தகுந்த ஒருவரைச் சேர்த்து, 'இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வது முதற்காரியம். ஒருவர் படுத்துவிட்டாலும் மற்றவர் கையெழுத்தில் பணம் வரும். வைப்புத் தொகைகளிலும் இம்முறையைக் கையாளலாம். ஆனால் முதிர்வுக்கு முன்பே உடைக்க நேர்ந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டுமென்று வங்கி கேட்கக்கூடுமாதலால், அதற்கான சம்மதத்தையும் இப்போதே எழுதிக் கொடுத்து, வங்கி அதைப் பதிவு செய்துகொண்டதா என்று பார்த்துவிட வேண்டும். கூட்டாளியாக வருபவர் உங்களைக் கேளாமலே பணத்தை எடுத்துவிடவும் முடியும். ஆகையால் முழு ஆஸ்தியையும் இதில் வைக்காமல், ஓராண்டு வைத்தியத்துக்கும் குடும்பச் செலவுக்கும் போதுமான தொகையை மட்டும் வைப்பது விவேகம்.

நாமினி நியமனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினி போட்டுக்கொள்ளலாம். நாமினியானவர் பணத்தைப் பெற்று உரியவர்களுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பாளியே. வாரிசுகளின் பாத்தியதை அதனால் அழிந்துவிடாது. அவருடைய உரிமையும் மரணத்துக்குப் பிறகே பிறக்கிறது. இடைக்காலத்தில் நாமினியால் ஒரு ரூபாயைக்கூட எடுக்க முடியாது.

புத்தி தெளிவாக இருந்து, கைமட்டும் ஒத்துழைக்க மறுப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இதை அறியாமல் எத்தனையோ குடும்பங்கள் அல்லாடுகின்றன. காசோலையிலோ பணம் எடுக்கும் சீட்டிலோ வாடிக்கையாளரின் கைப்பெருவிரல் ரேகையைப் பதிக்கலாம்; அதுவும் இயலாதென்றால் கால் பெருவிரல் ரேகையே போதும். வங்கிக்கு அறிமுகமான இருவர் அதை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். போர்வையைச் சற்று விலக்கி, கிழவனாரின் பாதத்தைத் துடைத்து, மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி அந்தச் சீட்டில் வைத்து எடுக்கும்போது குடும்பத்தாருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் என்ன, அந்த மாதத்து மருந்து வந்துவிடுகிறது. கிளை மேலாளர் இப்படியொரு விதி இருப்பதையே அறியாதவர்போல் நடந்துகொண்டால், மனுவை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுப்பதற்கு எந்த மேலாளரும் எளிதில் துணியமாட்டார்.

வீட்டை எழுதிக் கொடுத்தல்

எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலிலும், புங்கமரத்தடியிலோ தகரக் கொட்டகையிலோ உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரிடம் ஒரு பெரியவர் போய் உயில் எழுத வேண்டுமென்று சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: "எதுக்குங்க ஐயா உயிலு? நாளைக்கு நாலு பேரு கேள்வி கேப்பாங்க, கேஸு போடுவாங்க. பேசாம பையன் பேருக்கு செட்டில்மெண்ட் பண்ணிடுங்க. பதிஞ்ச அன்னிக்கே வேலை முடிஞ்சுது."

அவர் சொல்வது பொய்யன்று. வேலை முடிந்துதான் போகிறது. உயிலை எழுதியவர் உயிரோடிருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம். செட்டில்மெண்ட் பத்திரமோ பதிவான அன்றே உடைமையைக் கைமாற்றிவிடுகிறது. மறுநாள் முதல் அந்த வீட்டில் தந்தை மகனுடைய விருந்தாளி. நல்ல மகனாக இருந்தால் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் நல்ல மகனும் கடன்படுகிறான், வீட்டை ஈடுவைக்கிறான், சில வேளை தந்தைக்கு முன்பே இறந்தும் போகிறான். அப்போது அந்த வீட்டில் பங்குதாரராக வந்து நிற்பவர்களிடம் எழுதிக் கொடுத்தவருடைய உபகாரத்தைப் பற்றி யார் போய்ப் பேசுவது? உயிலின்மேல் வழக்கு வரும் என்ற பயத்தை நீக்க வேறு வழிகள் இருக்கின்றன. வெள்ளைத் தாளில் முத்திரைத் தீர்வையின்றி எழுதிய உயிலும், இரண்டு சாட்சிகள் முறைப்படி கையொப்பமிட்டிருந்தால் செல்லும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நன்று. எழுதுபவரைவிட வயதில் இளையவர்களையும், உயிலால் ஆதாயம் அடையாதவர்களையும் சாட்சிகளாகப் போட வேண்டும். சுயநினைவோடு இருந்தார் என்று அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்று ஒன்றை உடன் வைத்துக்கொள்வது பிற்காலச் சண்டைகளில் பாதியைத் தவிர்க்கும். படுக்கையில் இருப்பவருக்காக உரிய காரணத்தைக் காட்டி மனுச் செய்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

குடும்ப சந்தர்ப்பங்களை முன்னிட்டுச் செட்டில்மெண்ட் எழுதித்தான் தீரவேண்டும் என்ற நிலை ஏற்பட்டால், இரண்டு வாசகங்கள் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். எழுதிக் கொடுப்பவரும் அவர் வாழ்க்கைத் துணையும் தங்கள் ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் குடியிருக்கவும், வாடகை வந்தால் அதை அனுபவிக்கவும் பாத்தியதை உடையவர்கள் என்பது ஒன்று. பெறுபவர் அவர்களுக்கு உணவு, உடை, மருத்துவம் முதலியவற்றைத் தந்து பராமரிக்கக் கடமைப்பட்டவர், தவறினால் இப்பத்திரம் ரத்துக்கு உரியது என்பது மற்றொன்று. பின்னதற்கு 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு பக்கபலமாக நிற்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டுச் சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்தக் கைமாற்றத்தைச் செல்லாதென்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் ஒரு வழக்கில் கண்டிப்புக் காட்டிய உச்சநீதிமன்றம், 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், முதியோரைக் காப்பதற்கென்று வந்த சட்டத்தைத் தாராளமாகவே வியாக்கியானம் செய்ய வேண்டும் என்று கூறி, மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்துச் செய்தது. தாராளமான நீதிபதியையே எதிர்பார்த்துப் பத்திரம் எழுதுவதைவிட, நிபந்தனையைத் தெளிவாக எழுதிவிடுவது மேல். 'மகன்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று யாரேனும் கேட்டால், நம்பிக்கை இருப்பதனால்தான் வீட்டையே எழுதுகிறேன் என்று சொல்லுங்கள்.

இதே சட்டத்தின்கீழ் ஜீவனாம்சமும் கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். வெள்ளைத் தாளில் எழுதிய விண்ணப்பம் போதும், வக்கீல் அவசியமில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவாகும். பிள்ளையில்லாதவர்கள், தங்கள் சொத்தை அடையப் போகும் உறவினர்மீதும் மனுச் செய்யலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழிமுறைகளைக் கேட்டறியலாம்.

படுக்கையும் பராமரிப்பும்

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அவரைப் பேணும் பாரம், ஊரறிய மகன் தலையில் இருப்பதாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் மருமகள் கையிலோ, மணமாகாத மகள் கையிலோ, தாமே எழுபதைத் தாண்டிய மனைவியின் கையிலோதான் விழுகிறது. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பும் மகனுக்கும், நள்ளிரவில் எழுந்து துணி மாற்றும் மருமகளுக்கும் ஒரே மரியாதை கிடைக்காத குடும்பத்தில் பராமரிப்பு நெடுநாள் நிற்காது. செலவு இன்னாரது, இரவு இன்னாரது, மாதத்தில் இத்தனை நாள் பேணுபவருக்கு ஓய்வு என்று உடன்பிறந்தார் யாவரும் கூடி உட்கார்ந்து, வெட்கப்படாமல் பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்வது அவசியம். வெளியூர் மகன் வருஷத்தில் இரண்டு வாரம் வந்து தாமே தங்கிப் பேணினால், அவர் அனுப்பும் பணத்தைவிட அது பெரிய உதவி.

உடற்பராமரிப்பின் நுட்பங்களைச் செவிலியரிடம் நேரில் கற்க வேண்டும். ஆயினும் இரண்டொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அசைய முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, அழுத்திப் பார்த்தால் சிவப்பு மாறாமல் நிற்குமானால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டதென்று அறிக. காற்று மெத்தை வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்துபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். படுத்தபடியே கஞ்சி புகட்டுதல் கூடவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க, சிறு கரண்டியாகக் கொடுத்து, முடிந்த பிறகும் அரைமணி நேரம் அப்படியே உட்கார வைக்க வேண்டும். இல்லாவிடில் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்

இனி, பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறோம். முற்றிய நோயில் இருக்கும் எண்பத்திரண்டு வயதுத் தந்தைக்கு இரவில் மூச்சுத் திணறல் வருகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் நிற்கும் மூத்த மகனிடம் ஓர் இளம் டாக்டர் அட்டையில் செருகிய படிவத்தை நீட்டி, "டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும் சார், கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேட்கிறார். மகனுக்குத் தந்தையின் விருப்பம் தெரியாது. இரண்டு நாள் முன்புகூட 'என்னை வதைக்காதீர்கள்' என்று அவர் முனகியது நினைவுக்கு வந்தாலும், காசுக்குப் பார்த்துத் தகப்பனை விட்டுவிட்டான் என்று சித்தப்பா சொல்வார், ஊர் சொல்லும் என்ற அச்சம் அதை அமுக்கிவிடுகிறது. "எல்லாம் செய்யுங்க டாக்டர்" என்று கையெழுத்திடுகிறான். அந்தக் கையெழுத்தில் அன்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது.

அந்தத் தீர்மானத்தை மகனுடைய தோளிலிருந்து எடுத்துத் தம்முடைய பொறுப்பாக்கிக்கொள்ளச் சட்டம் ஒரு வழியைத் திறந்திருக்கிறது. மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில் நாற்பத்தோரு வருஷம் உணர்வின்றிக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில் 2011-இல் தொடங்கிய விவாதம், 2018 மார்ச் 9-இல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பில் கனிந்தது: கண்ணியத்தோடு வாழும் உரிமையில் கண்ணியத்தோடு இறப்பதும் அடங்கும், குணமாக வழியில்லாத நிலையில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அதற்கு மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்று முதலில் விதித்திருந்தமையால் எழுதத் துணிந்தவர் சிலரே. 2023 ஜனவரி 24-இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ மேலொப்பம் பெற்றால் போதும். உங்கள் சார்பில் பேச வேண்டியவர்களாக ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் அதில் பெயர் குறிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்துச் செய்யலாம்.

எழுதுவது எப்படி? 'வீண் வைத்தியம் வேண்டாம்' என்ற பொதுவாசகம் போதாது. எது வீண் என்பதில்தான் டாக்டருக்கும் உறவினருக்கும் அபிப்பிராய பேதம் வரும். மீள வழியில்லாத நிலையென்று மருத்துவர்கள் முடிவு செய்தால் வென்டிலேட்டர், இதயத்தை அழுத்தி மீட்க முயலுதல், டயாலிசிஸ், மூக்குவழிக் குழாயில் உணவு ஆகியவற்றில் எவை வேண்டாம் என்று தனித்தனியே எழுதுங்கள். வலி நீக்கும் மருந்தும், வாய் வறளாமல் பார்த்தலும், சுத்தமும் எந்நிலையிலும் தொடர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இயலுமாயின் வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா என்பதையும் சேருங்கள். பிரதிகளைப் பெயர் குறிக்கப்பட்டவர்களுக்கும், குடும்ப மருத்துவருக்கும், உள்ளாட்சி அமைப்பில் இதற்கெனப் பொறுப்பளிக்கப்பட்ட அதிகாரிக்கும் கொடுக்க வேண்டும். இந்தப் பத்திரம் இருப்பதனாலேயே எவரும் ஓடிவந்து கருவியை அணைத்துவிட மாட்டார்கள்: சிகிச்சையளிக்கும் மருத்துவரும் ஐந்து வருஷ அனுபவத்துக்குக் குறையாத இரு நிபுணர்களும் கொண்ட முதற்குழு ஆராய்ந்த பின், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமித்த ஒருவர் அடங்கிய இரண்டாம் குழுவும் ஒப்ப வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போக வேண்டும். ஊசிபோட்டு உயிரைப் போக்குவது இதில் எங்குமே இல்லை. அது இன்றும் குற்றமே.

விருதுநகரைச் சூழ்ந்த தென்பகுதிக் கிராமங்கள் சிலவற்றில், படுத்த படுக்கையான முதியவருக்கு அதிகாலையில் தலைநிறைய எண்ணெய் வைத்துக் குளிர்ந்த நீரில் முழுக்காட்டி, இளநீரைக் குடம் குடமாகப் புகட்டிக் கதையை முடிக்கும் தலைக்கூத்தல் என்ற வழக்கம் இருந்துவந்ததை இங்கே மறைப்பது நேர்மையாகாது. கருணை என்று சொல்லிக்கொண்டு பிறர் எடுத்த தீர்மானம் அது. பேச்சிருக்கும்போதே பெரியவர் தம் வாயால் சொல்லி, தம் கையால் எழுதிவைப்பதும், அவர் பேச்சை இழந்தபின் உறவினர் கூடி முடிவு கட்டுவதும் ஒன்றல்ல. அந்த வேற்றுமையைக் காப்பாற்றத்தான் இத்தனை சாட்சிகளும் குழுக்களும்.

வலியைப் பற்றி ஒரு குறிப்பு. புற்றுநோயின் கடைசி மாதங்களில் மார்ஃபின் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று பயந்து மறுக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அளவறிந்த மருத்துவர் மேற்பார்வையில் அது நிம்மதியாகத் தூங்கவைக்கும் மருந்து. 2014-இல் போதைமருந்துச் சட்டம் திருத்தப்பட்டபின் அதைப் பெறுவதும் முன்னிலும் எளிது. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், கேரளத்தில் வீடுதோறும் தொண்டர்கள் போய்வரும் அளவுக்கு வளர்ந்திருப்பதைப் பார்க்கையில் நமக்குச் சற்றுப் பொறாமையே உண்டாகிறது.

கண் தானம், உடல் தானம் செய்ய விரும்புபவர்கள் அட்டையில் கையெழுத்திட்டுப் பெட்டியில் போட்டால் பயனில்லை. அந்நேரத்தில் சம்மதிக்க வேண்டியவர்கள் வீட்டாரே. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமாதலால், கண் வங்கிக்கு யார் போன் செய்வது என்பதை இப்போதே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே உயிர் பிரிய வேண்டும் என்று விரும்புபவர்கள் மற்றொன்றையும் யோசிக்க வேண்டும். மயானத்தில் மருத்துவரின் மரணச் சான்றைக் கேட்பார்கள். அதுவரை நோயாளியைப் பார்த்திராத டாக்டர் அதைக் கொடுக்கத் தயங்குவார். ஆகவே, மாதம் ஒருமுறையாவது வந்து பார்த்து, எந்நேரமாயினும் வந்து சான்றளிக்கச் சம்மதிக்கும் ஒரு மருத்துவரை முன்னதாகவே அமர்த்திக்கொள்வது இன்றியமையாதது. மரணத்தை 21 நாட்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபார்த்து வாங்கவும்.